எங்கெங்க பாத்தீங்க?

இல்லை என்று சொல்வது எனக்கு எப்போதுமே சுலபமாக வரும். யாராவது போனைக் கொண்டுவந்து, அழிந்துபோன படத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டால், கையில் வாங்குவதற்கு முன்பே முடியாதுங்க என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் அத்தோடு போய்விடுவார்கள். மீதிப் பேரின் போனை வாங்கி மேசையில் போட்டுவைத்து, இரண்டு நாள் கழித்து அதையே சொல்வேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலா கெத்தில் ஊர்க் கடைவரிசையில் கைப்பேசியும் கணினியும் பழுது பார்க்கிற கடை அப்போது என்னுடையது ஒன்றுதான். அதனால் என் பிழைப்பு கெடவில்லை. இந்தப் பழக்கத்தோடு நிம்மதியாகத்தான் இருந்தேன், அந்த அக்கா வந்து என் கடையின் முன்பாதியை வாடகைக்கு எடுக்கும்வரை.

முன்பாதியில் அவருடைய போட்டோஸ்டாட் இயந்திரம், ஒரு பழைய கணினி, காகிதத்துக்கு பிளாஸ்டிக் உறை போடுகிற சின்ன இயந்திரம். பின்பாதியில் நானும் என் திருகாணிகளும். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து சனங்கள் அவரிடம் விண்ணப்பப் பாரம் எழுத வருவார்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட மனு, உதவி மனு, எதுவானாலும் அவர்தான். அவருக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அண்ணே என்றார். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் இருவருக்கும் பழகிவிட்டது, வருகிறவர்கள்தான் குழம்பிப்போவார்கள்.

அவரிடம் போய் ஒரு காகிதத்தைக் காணோம் என்று யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. கெட்டுப்போன போட்டோஸ்டாட் தாள்களை அடுக்கி வைத்திருப்பார். அதில் ஒன்றை எடுத்து, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி திருப்பி, நூலில் கட்டிய பேனாவோடு முன்னால் நகர்த்துவார். எங்கெங்க பாத்தீங்க, எழுதுங்க என்பார். அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல அவரே எழுதுவார். ஐந்து இடமாவது தேறாமல் மேற்கொண்டு பேச்சு கிடையாது. வீடு பூராவும் பாத்தேங்க என்று எழுதினால் அடித்துவிட்டு, வீட்டில் எத்தனை அறை என்று கேட்பார்.

ஒருமுறை ஒரு தோட்டத்துக் கோயில் கமிட்டியின் நிலக் கடிதம் காணாமல் போனது. பழைய தலைவர்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று இவர்கள், புதிய தலைவர்தான் மறைக்கிறார் என்று அவர்கள். போலீஸ் வரைக்கும் போகிற நிலைமை. அக்கா கோயிலுக்கே போய் கமிட்டிக்காரர்கள் ஏழு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஏழு தாளையும் வைத்துப் பார்த்தபோது, ஒரு தாளிலும் வராத இடம் ஒன்றுதான். ஆர்மோனியப் பெட்டி. பொருளாளர் அதன் மேல் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருந்தார். கடிதம் உள்ளே பத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு பொருளாளர் எங்கள் கடைப்பக்கம் வரவேயில்லை.

இதைக் கேட்டு அவர் இனிமையான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. மனைவி இறந்து ஒரு வாரமே ஆன மனிதரிடம்கூடத் தாளை நகர்த்தினார். அவர் அழுதுகொண்டே எழுதினார். பிறகு நான் சத்தம் போட்டேன், கொஞ்சம் பாத்து நடந்துக்கக் கூடாதாக்கா என்றேன். அழுதா அழுவட்டும்ணே, எழுதிட்டு அழுவட்டும் என்றார். என் சின்னத் திருப்புளி காணாமல் போனபோது தன்னுடையதைக் கடன் கொடுக்காமல் என்னையும் எழுதவைத்தார். நான்காம் இடம் எழுதும்போதே என் சட்டைப்பையில் அது குத்தியது. கோபத்தில் அன்று அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஏன் இப்படி என்று ஒரு மழை நாளில், கடையில் ஆளில்லாதபோது கேட்டேன். இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவர் அம்மா கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பிறப்புக் காகிதம் வேண்டும் என்றார்களாம். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் போய்க் கேட்டால், ஒங்க பிள்ளை பேரு புத்தகத்துல இல்லை என்று சொல்லிவிட்டார். மறு வருடமும் அதேதான். மூன்றாம் வருடம் வேறு கிராணி வந்து புத்தகத்தைப் புரட்டினார். பெயர் இருந்தது. முதல் வகுப்பில் அக்காதான் எல்லோரையும்விட உயரம், டீச்சர் அவரை எப்போதும் கடைசி வரிசையில் உட்காரவைத்தாராம்.

"நாக்காலிய விட்டு எந்திரிக்காமலே இல்லன்னுட்டாருண்ணே," என்றார். "புத்தகம் பின்னாலதான் இருந்திருக்கு."

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி எனக்கே உறுத்தியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

கஸ்தூரியும் அவள் அம்மாவும் கடைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கஸ்தூரியைப் பார்த்தால் சீனப் பெண். வாயைத் திறந்தால் தோட்டத்துத் தமிழ், நெற்றியில் பொட்டு. எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. பிள்ளையில்லாத தமிழ்க் குடும்பங்கள் சீனக் குழந்தைகளை எடுத்து வளர்ப்பது அந்தக் காலத்திலிருந்தே நடப்பதுதான். நடுவில் ஒருவர் இருப்பார், அவரை நம்பிக் குழந்தை கைமாறும். மடியில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். கஸ்தூரி விஷயத்தில் அந்தப் பிறகு பத்தொன்பது வருடமாக வரவில்லை.

பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் ஐசி என்கிற அடையாள அட்டையும் இல்லை. தலைமையாசிரியர் ஒருவரின் தயவில் பள்ளிக்கூடம் படித்தாள். அதற்குமேல் எங்கும் சேர முடியவில்லை. பேக்டரியில் எடுக்க மாட்டார்கள், வங்கியில் கணக்குத் திறக்க முடியாது, ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரித் தாதி வேலைக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மனு பாரத்தின் முதல் வரியிலேயே ஐசி நம்பர் கேட்டிருந்தது.

வளர்த்த அப்பா லோரி ஓட்டியவர். பெற்றவளுடைய போன் நம்பர் அவரிடம் மட்டும்தான் இருந்தது. நடுவில் இருந்த ஆள் எப்போதோ செத்துப்போனார். பெற்றவளின் பெயர்கூட வீட்டில் மற்றவர்களுக்குச் சரியாகத் தெரியாது. அப்பா பலமுறை கேட்டதில் கடைசியாக அவள் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்து, படம் பிடித்துப் போன் சாட்டில் அனுப்பியிருக்கிறாள். வந்துருச்சு, வந்துருச்சு என்று வீட்டில் வந்து சொன்னாராம். அதை எடுத்துக்கொண்டு அலோர் ஸ்டார் பதிவு அலுவலகத்துக்குப் போவதற்குள், ஐந்தாவது நாள் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அது நடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

பத்திரமே கையில் வேண்டும் என்றில்லை, அதிலிருக்கிற நம்பர் தெரிந்தால் போதும், நகல் எடுத்துவிடலாம் என்று அக்கா சொன்னார். போன் எங்கே என்று கேட்டார்.

"அவரோடவே போயிருச்சும்மா," என்றார் கஸ்தூரியின் அம்மா. "போனு இல்லாம ஒரு நிமிசம் இருக்க மாட்டாரு. பொட்டியில வெச்சிட்டோம்."

எங்கள் சனங்கள் செய்யக்கூடியதுதான். வெற்றிலைப் பெட்டி, மூக்குக் கண்ணாடி, சிகரெட் பாக்கெட் என்று இறந்தவருக்குப் பிடித்ததைச் சவப்பெட்டியில் வைப்பார்கள். அவரைத் தோட்டத்து மயானத்தில் புதைத்திருந்தார்கள். நான் பின்னாலிருந்தபடியே, போன் இல்லாட்டி ஒண்ணும் பண்ண முடியாதுக்கா, சாட் எல்லாம் பூட்டு போட்ட மாதிரி, வெளியிலேர்ந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். தோண்டிப் பார்க்கலாமா என்று அக்கா கேட்கவில்லை. நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

அவர் கஸ்தூரியிடம் தாளை நகர்த்தினார். அவள் அழகான கையெழுத்தில் எழுதினாள். அப்பாவின் அலமாரி, லோரி, மோட்டார் சீட்டுக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், முதலாளியின் ஆபீஸ். அக்கா படித்துவிட்டு, தன்னுடைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். கடைக்குள் யார் வந்தாலும், எதற்கு வந்தார்கள் என்று ஒரு வரி எழுதி வைப்பார். என்னிடம் வருகிறவர்களையும் விடமாட்டார், அதற்காகவும் நான் சண்டை போட்டிருக்கிறேன். நான்கு மாதத்துப் பக்கங்களை விரலால் வருடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். லோரி அண்ணன், தோட்டம், போனில் இடமில்லை, படம் திறக்க மாட்டேன்கிறது, பின்பாதிக்கு அண்ணனிடம் அனுப்பினேன் என்று எழுதியிருந்தது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்ற மனிதர். போன் பூராவும் காலை வணக்கம் சொல்கிற சாமி படங்கள், புதிதாக ஒரு படம் இறங்க இடமில்லை. போனிலிருந்த எல்லாவற்றையும், சாட்டையும் சேர்த்து, என் கணினியில் பிரதி எடுத்துக்கொண்டு சாமிகளைத் துடைத்துக் கொடுத்தேன். பிரதிக்கு ஒரு கடவுச்சொல் கேட்டது. அவரையே போடச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புது படம் இறங்கியதும் அதையும் சேர்த்து ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். இது பத்திரமா இருக்குமா தம்பி என்று கேட்டார். இருக்குமுங்க, நான் இருக்கேன்ல என்றேன். ஒரு மாதத்தில் அந்தக் கணினியை விற்றுவிட்டேன்.

"கொம்பியூட்டர் எங்கண்ணே?" என்றார் அக்கா.

பெண்டாங்கில் ஒரு டியூஷன் டீச்சர் வாங்கிக்கொண்டு போனார் என்றேன். விற்பதற்கு முன் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், இனி இல்லை என்றேன். அக்கா ஒரு தாளை எடுத்துத் திருப்பி என் மேசையில் வைத்தார். எப்படி அழித்தேன் என்று எழுதச் சொன்னார். கஸ்தூரியும் அவள் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாற்பது வயதுக்கு மேல் நான் பரீட்சை எழுதினேன். முறையாக அழிப்பதென்றால் அரைநாள் ஆகும். நான் செய்தது இரண்டு நிமிட வேலை. கோப்புகளைக் குப்பையில் தள்ளி, குப்பையைக் காலி செய்தேன். அப்படிச் செய்தால் பெயர்தான் போகும், அதன்மேல் வேறு எதையாவது எழுதும்வரை சரக்கு அங்கேயே கிடக்கும். அது எனக்குத் தெரியும். டீச்சரிடம் சுத்தமாகத் துடைத்துவிட்டேன் என்று சொன்னதும் எனக்குத் தெரியும். என் சோம்பலுக்கு நான் நன்றி சொன்னது அன்று ஒருநாள்தான்.

மறுநாளே அக்கா தன் காடியை ஓட்ட, பெண்டாங் போனோம். வழியெல்லாம் அறுவடை இயந்திரங்கள் வயலில் நின்றன, லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனோம். நான் டீச்சரிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அக்கா அதற்கு இடம் வைக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இவரு ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணுமாம் டீச்சர் என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். சொன்னேன். டீச்சர் கேட்ட கேள்விகளில் இரண்டு மூன்று நியாயமானவை. கணினியைக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார், பிள்ளைகளின் பரீட்சைத் தாளெல்லாம் அதில்தான் அடிக்கிறாராம்.

அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, கஸ்தூரியின் கதையை முதலிலிருந்து நிதானமாகச் சொன்னார். டீச்சர் இடையில் அடுப்பைப் பார்க்கப் போனார், திரும்பி வந்ததும் அக்கா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். டியூஷன் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள், அவர்களும் கேட்டார்கள். கடைசியில் டீச்சர், உள்ளே கோப்புகள் இருக்கிற தகட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள், பதிலுக்கு வேறொன்று போட்டுத் தாருங்கள், என் பாடத்தாள் ஒன்றும் தொலையக் கூடாது என்றார். அவர் கொஞ்சமாகத்தான் பயன்படுத்தியிருந்தார். அதுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

மீட்கிற மென்பொருளை ஓட்டவிட்டு ஒன்றரை நாள் காத்திருந்தோம். அக்கா பாரம் எழுதுகிற இடைவெளியில் எல்லாம் எழுந்து வந்து திரையைப் பார்ப்பார். பெயரில்லாத கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தன. முக்கால்வாசி சாமி படங்கள். வியாழக்கிழமை மத்தியானம் லோரிக்காரரின் பிரதி முழுசாகக் கிடைத்தது. நான் எழுந்து நின்று கையைத் தட்டினேன். அடுத்த நிமிடம் அது கடவுச்சொல் கேட்டது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேனே, அவர் எட்டுத் தட்டு தட்டிய சத்தம் மட்டும் ஞாபகம் இருந்தது. ஒற்றை விரலால், மெதுவாக. எட்டு என்றால் தேதியாக இருக்கும் என்றாள் கஸ்தூரி. அவள் பிறந்த நாளைப் போட்டோம். அப்பா பிறந்த நாள், அம்மா பிறந்த நாள், கல்யாண நாள், லோரி வாங்கிய நாள். எதற்கும் திறக்கவில்லை. கஸ்தூரி வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா எதையும் என்கிட்ட மறைக்க மாட்டாருக்கா என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவள் அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு தேதிகூட அவர் சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை, அக்கா கவனித்திருக்கிறார்.

மறுநாள் காலை அந்த அம்மாவை மட்டும் வரச் சொன்னார். நான் கடை திறந்தபோது இருவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பசியாறிட்டு வர்றேன்க்கா என்று நழுவப் பார்த்தேன். இருங்கண்ணே, லோரி அண்ணன் ஒங்ககிட்டத்தான் பத்திரமான்னு கேட்டாரு என்றார். அதற்குப் பிறகு எங்கே போவது? அக்கா தாளைத் திருப்பி வைத்தார். கஸ்தூரியின் அம்மா ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவர். பேனாவைப் பிடித்து, மகள் எழுதிய அதே இடங்களை மெதுவாக எழுதினார். அலமாரி. லோரி. மோட்டார் சீட்டு. சாமி படம். ஐந்து என்று போட்டுவிட்டுப் பேனாவின் நூலை விரலில் சுற்றினார். பிறகு எழுதித் தாளை நகர்த்தினார். அக்கா படித்துவிட்டு எனக்கும் காட்டினார். பொட்டியில. நான்தான் வெச்சேன்.

அக்கா ஏன் என்று மட்டும் கேட்டார்.

"எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க," என்றார் அந்த அம்மா. "அவரு சட்டப் பாக்கெட்ல நான் வெச்சேன். பொறப்புச் சூராட்டு நெனப்பே வரலம்மா எனக்கு. பெத்த அந்தப் பொண்ணு நம்பர் அதுக்குள்ள இருக்கு, அது மட்டுந்தான் நெனப்பு. இவ கையில கெடச்சா போயிருவா. அவரும் இல்ல. எனக்கு யாரு இருக்கா?"

அழவில்லை. நாள் பூராவும் நின்று வேலை செய்த ஆள் உட்கார்ந்து பேசுவது போலப் பேசினார். பிறகுதான் பத்திரம் அதற்குள் இருந்தது உறைத்திருக்கிறது. மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை மாதமும் அவள் தட்டுக் கழுவிவிட்டு வந்து கையைத் துடைக்கும்போதெல்லாம் இவருக்கு நெஞ்சு எரிந்திருக்கிறது. அக்கா ஆறுதலாக ஏதாவது சொல்லக் கூடாதா என்று மனசுக்குள் திட்டினேன்.

"போறவன்னா ஐசி இல்லாமலும் போவாம்மா," என்றார் அக்கா. "ஐசி இல்லன்னா வேற எங்கயுந்தான் போக முடியாது. படிக்கப் போக முடியாது. வேலைக்குப் போக முடியாது. ஒங்களுக்கு ஒரு நோவு வந்தா ஆஸ்பத்திரில கையெழுத்துப் போடக்கூட அவளால முடியாதுலா."

அந்த அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்தார். கீழே எட்டு எண்கள் எழுதினார். அவள் பிறந்து பன்னிரண்டாம் நாள். பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் துண்டில் சுற்றி வாங்கிய நாள். நம்ம பிள்ளை நம்ம வீட்டுல பொறந்த பிள்ளை, வாங்கின பேச்சே வீட்டில் வரக் கூடாது என்று புருஷனுக்குக் கட்டளை போட்டிருந்தாராம். அவரும் வாயால் ஒருநாளும் சொல்லவில்லை. விரலால் மட்டும் அடித்திருக்கிறார்.

அந்த எண்களைப் போட்டேன். திறந்தது.

அந்தத் தாளை அக்கா நாலாக மடித்து அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் ஒரு காகிதத்தைக் கோப்பில் வைக்காமல் திருப்பிக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கஸ்தூரிகிட்ட சொல்றதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம், ஆனா சொல்லிருங்க என்றார்.

மத்தியானம் கஸ்தூரி வந்தாள். அம்மாவும் மகளும் கடைக்கு வெளியே ஐந்தடியில் நின்று பேசினார்கள். ஐந்தடி என்றால் கடைகளுக்கு முன்னால் போகிற நடைபாதை. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கஸ்தூரி உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது, அம்மாவின் முந்தானையைச் சின்னப் பிள்ளை மாதிரிக் கையில் பிடித்திருந்தாள். அப்படியே உட்கார்ந்து படித்தாள். பத்திரம் கடைசியில் இருந்தது, நம்பர் தெளிவாகத் தெரிந்தது. அவள் மேலே போய் முதலிலிருந்து படித்தாள். தப்புத் தப்பான மலாயில் அப்பா எழுதியிருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் கஸ்தூரியின் படம் ஒன்று போயிருந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பக்கத்திலிருந்து அதே கேள்விதான் வந்திருந்தது, நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று. அப்பாவின் பதிலும் அதேதான். சாப்பிடுகிறாள், அவள் அம்மா விடமாட்டாள்.

கஸ்தூரி அந்த வரியை அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். ஒவ்வொரு வருடத்துக்கும் படித்துச் சொன்னாள்.

பத்திரத்தின் படத்துக்குக் கீழே பெற்றவள் கடைசியாக எழுதியிருந்தது இது. ஐசி கிடைத்தால் ஒரு படம் அனுப்புங்கள் அங்கிள். அதற்கு அப்பா சரி என்று பதில் போட்டிருந்தார்.

ஐசி உடனே கிடைத்துவிடவில்லை. அலோர் ஸ்டாருக்கு எத்தனை முறை போனோம் என்று எனக்கு மறந்துவிட்டது, அக்காவின் நோட்டில் இருக்கும். பள்ளிக்கூடக் கடிதம், தோட்டத்துக் கடிதம், சாட்சி, ரத்தப் பரிசோதனை, மறுபடியும் சாட்சி. ஒவ்வொரு முறையும் அக்கா மடியில் கோப்போடு காத்திருப்பார், நம்பர் வந்ததும் போய் நிற்பார். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பெற்றவளின் நம்பருக்குக் கஸ்தூரி ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை, அம்மாவாகச் சொல்லட்டும் என்று விட்டிருந்தாள். அதற்குள் நான் போன் வாங்கிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்கிற அளவுக்குத் திருந்தியிருந்தேன்.

அக்கா கடையை விட்டுப் போய் இப்போது நான்கு வருடம் ஆகிறது. மனுக்கள் எல்லாம் போனிலேயே போட ஆரம்பித்தார்கள், அலோர் ஸ்டாரில் தங்கைக்கு உடம்பு முடியவில்லை, போய்விட்டார். முன்பாதியில் இப்போது போன் உறைகள் தொங்குகின்றன. அவர் நாற்காலி மட்டும் ஓரமாகக் கிடக்கிறது, எடுத்துப் போட மனம் வரவில்லை. நினைக்கும்போதெல்லாம் கஸ்தூரியின் ஐசி வந்த நாள்தான் எனக்கு முன்னால் வரும்.

அன்று அம்மாவும் மகளும் புதுச் சேலையில் வந்தார்கள். கஸ்தூரி அட்டையை அக்காவின் மேசையில் வைத்தாள். அக்கா அதைக் கையில் எடுத்துக் கொஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு பக்கமும் போட்டோஸ்டாட் எடுத்து, கோப்பில் ஒன்று வைத்து, நோட்டில் ஒரு வரி எழுதினார். எழுதும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். கஸ்தூரியின் அம்மா உட்காரவில்லை. நேரே என்னிடம் வந்து தன் போனை வைத்தார்.

"தம்பி, அந்தப் பொண்ணு நம்பர் ஒங்க கொம்பியூட்டர்ல இருக்குல்ல, எடுங்க. படம் நான்தான் அனுப்பணும்."

கஸ்தூரி அம்மாவைப் பார்த்தாள். ஐசியைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு, போட்டோஸ்டாட் இயந்திரத்தின் முன் நின்றாள். அம்மா படம் எடுத்தார், முதல் படத்தில் தலை வெட்டுப்பட்டது, இரண்டாவது சரியாக வந்தது. நம்பரை நான் ஏற்றிக் கொடுத்தேன். அனுப்புகிற பொத்தானை அவரே அழுத்தினார்.

ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. தேநீர் வாங்கி வந்து குடித்தோம். அதற்குப் பிறகும் ஒன்றுதான். நான் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன், பயன்பாட்டில் இல்லை என்று மலாயில் ஒரு குரல் சொன்னது. அத்தனை நாள் திருந்தியது ஒரு நொடியில் போய்விட்டது. அம்மா, இந்த நம்பர் இப்ப இல்ல என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அக்காவைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை, கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கஸ்தூரியின் அம்மா அக்காவின் மேசைக்குப் போனார். கெட்டுப்போன தாள் ஒன்றை எடுத்து, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி திருப்பினார். நூலில் கட்டிய பேனாவை இழுத்துப் பிடித்தார். அவ்வளவு நேரம் நின்றவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"பொறப்புச் சூராட்டுல அவங்க வீட்டு அட்ரஸ் இருக்குல்ல," என்றார் மகளிடம். "அத மொதல்ல படி."

கஸ்தூரி படிக்கப் படிக்க, ஒன்று என்று நம்பர் போட்டு எழுத ஆரம்பித்தார்.